சென்னாக்கூனிப் பொடி

கம்பெனி பஸ் சரியாக ஐந்து நாற்பதுக்குக் கேட்டைத் தாண்டும். அதில் ஏறிவிட்டால் செண்பகம் ஆறே காலுக்குப் புதுவாயலில் இறங்கிவிடுவாள். ஏழு மணிக்குள் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அதை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான். அதில் வந்து சேர்ந்தால் நான்கு வயது விமல் வெறும் வயிற்றோடு பாயில் சுருண்டிருப்பான். எழுப்பி ஊட்டினால் வாயில் வைத்த சோற்றை மெல்லாமலே திரும்பத் தூங்கிப்போவான்.

அவள் கணவன் கலியன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் நெல்லூருக்கு அப்பால் எங்கேயாவது இருப்பான். அதனால் சாயங்காலம் என்பது முழுக்க அவள் பொறுப்பு. இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் எதையும் அவள் அடுப்பில் ஏற்றுவதில்லை. திங்கட்கிழமை அரிசியும் தக்காளியும் ஒன்றாகக் குக்கரில் போய் மூன்று விசிலில் இறங்கும். இன்னொரு நாள் வெங்காயத்தை வதக்கி அதன்மேலேயே நாலு முட்டை உடைத்து ஊற்றி மூடிவிடுவாள். காலையில் ஊறப்போட்டுப் போன பச்சைப்பயறு ஒரு நாளைக்குக் கை கொடுக்கும்.

மற்ற நாட்களுக்குச் சென்னாக்கூனிப் பொடி இருந்தது. சென்னாக்கூனி என்றால் நகத்தளவுகூட இல்லாத காய்ந்த இறால். கூட வேலை செய்யும் ஈஸ்வரி வள்ளூரிலிருந்து வாங்கி வருவாள். செண்பகம் ஞாயிற்றுக்கிழமை அதை மண் போகச் சலித்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் புளி, கல்லுப்பு சேர்த்து அரைத்து வைத்துவிடுவாள். கத்திரிக்காயை நீளமாக நறுக்கி எண்ணெயில் சுருள வதக்கி, இரண்டு ஸ்பூன் பொடி தூவி, சூடான சோற்றைக் கொட்டிக் கிளறினால் வேலை முடிந்தது. மறுநாள் காலையும் அதையே கிளறித் தன் டப்பாவில் அடைத்துக்கொள்வாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் கதவு ஓரத்துக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனி அது. செண்பகமும் ஈஸ்வரியும் இன்னும் ஆறு பெண்களும் கடைசி மேசையில் உட்கார்ந்து பட்டைகளைத் தடவிப் பார்த்து, வெடிப்பு இருந்தால் ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும். அவர்களுக்குச் சூப்பர்வைசர் துளசிராமன். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மதியம் டப்பா எடுத்து வரமாட்டார். பெண்கள் மூடியைத் திறந்ததும் ஒரு தட்டோடு வந்து நிற்பார்.

"சாம்பிள் செக்கிங்" என்பார். ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் இரண்டு கரண்டி எடுத்துக்கொள்வார். செண்பகத்தின் டப்பாவில் மட்டும் நாலு. அதில் என்ன பொடி போட்டிருக்கிறது என்று கேட்டதே இல்லை.

"இருவது நிமிசத்துல செஞ்சதா இது? எங்க ஊட்ல காலைலருந்து உருட்டிக்கினு கெடக்குறாங்க, வாயில வைக்க முடியல."

"சாருக்கு வயித்துல செக்கிங் மெசினே இருக்குது" என்பாள் ஈஸ்வரி. எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

சித்திரையில் ஒருநாள் செண்பகம் ஆபீஸ் அறைக்குப் போய், வேலை முடிந்த பிறகும் ரிஜெக்ட் எண்ணச் சொல்லி நிறுத்தி வைக்கிறார்கள், பஸ் போய்விடுகிறது என்று சொன்னாள். அதை மேலே இருந்தவர்கள் துளசிராமனிடமே சொல்லிவிட்டார்கள். மறுநாளிலிருந்து மற்ற ஏழு பேரின் பெட்டியும் ஐந்து இருபதுக்கே எண்ணி முடிந்தது. அவள் பெட்டிக்கு மட்டும் ஐந்தரைக்கு மேல்தான் வருவார். ஒவ்வொரு பட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பாதியில் போன் வரும். பேசி முடித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். வாரத்தில் மூன்று நாள் அவள் ஆறரை பஸ்ஸில் வந்தாள்.

ஆனி மாதம், அப்படியொரு செவ்வாய்க்கிழமை, அவள் மகள் திலகவதி தம்பி அழுகிறான் என்று தானே அடுப்பைப் பற்றவைத்தாள். எட்டு வயது. குக்கரைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் குண்டானில் அரிசியைப் போட்டாள். பதமாகத்தான் வேகவைத்திருக்கிறாள். கஞ்சி வடிக்க இரண்டு துணியால் குண்டானைப் பிடித்துச் சாய்த்தபோது தட்டு நழுவியது. முழங்கையிலிருந்து விரல் வரை கொதிகஞ்சி.

செண்பகம் வந்தபோது ஏழே கால். பக்கத்து வீட்டுக்காரம்மா கை முழுக்கப் பேஸ்ட்டைத் தடவி வைத்திருந்தாள். திலகா அழவில்லை. "சோறு நல்லாத்தான்மா வெந்துச்சு" என்றாள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் வேலைக்கு வந்து, மதியம் தட்டோடு நின்ற துளசிராமனிடம் செண்பகம் சொன்னாள்.

"சார், புள்ள கைய சுட்டுக்கிச்சு. அஞ்சு நாப்பது பஸ்ஸ மட்டும் உட்ருங்க சார். வேற ஒண்ணும் கேக்கல."

அவர் அவள் டப்பாவிலிருந்து மூன்றாவது கரண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சின்னப் புள்ளய அடுப்பாண்ட உட்டது உன் தப்பு. ஊட்ட ஒழுங்கா பாத்துக்க முடியலன்னா வேலைக்கு இன்னாத்துக்கு வர்ற?" என்றார். நாலாவது கரண்டியையும் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. டப்பாவில் அவருடைய கரண்டி போட்ட பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தப் பள்ளம் அவளோடு வீட்டுக்கு வந்தது. திலகாவின் கட்டை மாற்றும்போதும், அவள் இடது கையால் கோணல்மாணலாக வீட்டுப்பாடம் எழுதும்போதும் அது கண் முன்னால் நின்றது. ஒருநாள் மெடிக்கலில் பேதி மாத்திரைகூட வாங்கினாள். ஆனால் தன் டப்பாவில் ஈஸ்வரியும் கை வைப்பாள். மாத்திரையைச் சாக்கடையில் போட்டாள். வயிற்றுவலி ஒரு நாளில் போய்விடும். அவளுக்கு ஒரு நாளில் போகாதது வேண்டியிருந்தது.

ஆடி பிறந்தது. துளசிராமன் கழுத்தில் மாலையோடு வந்தார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுக்கிறாராம். வழக்கப்படி எல்லோரும் அவரை 'சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சாமி செருப்புப் போடவில்லை, தரையில் படுத்தார், காலையும் மாலையும் குளித்தார். ஆனால் தட்டை மட்டும் விடவில்லை.

முதல் நாள் செண்பகத்தின் டப்பாவுக்கு மேல் குனிந்து கேட்டார். "இன்னா இது? கவுச்சி ஒண்ணும் இல்லியே?"

செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். அவளும் திருத்தணிப் பக்கம் பொதட்டூர்பேட்டையில் பிறந்தவள்தான். மாலை போட்ட வீட்டில் சட்டி பானையெல்லாம் தனி, முட்டை ஓடுகூட உள்ளே வரக் கூடாது என்று பார்த்து வளர்ந்தவள். எங்கே தொட்டால் வலிக்கும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கத்திரிக்கா சாதம், சாமி" என்றாள்.

வேறு இடமாக இருந்தால் வாடையே காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் அந்தக் கூடத்தில் காலையிலிருந்து ரப்பர் வெந்துகொண்டிருக்கும். மதியத்துக்குள் யாருக்கும் மூக்கு என்று ஒன்று இருக்காது. சோறும் சோப்பும் ஒரே மாதிரி மணக்கும். நாக்குத்தான் பாக்கி. அவர் நாக்கு சொக்கிப்போனது.

"இன்னாமோ போட்டு இருக்குற நீ" என்றார். அன்று ஐந்து கரண்டி.

ஈஸ்வரி ஒரு வாய் எடுத்து மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள். செண்பகத்தைப் பார்த்தாள், சாமியின் தட்டைப் பார்த்தாள், பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நெடுநேரம் குடித்தாள்.

அதற்கப்புறம் செண்பகத்தின் வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் அதே சாப்பாடுதான். "மறுபடியும் கத்திரிக்காயா?" என்று விமல் சிணுங்கினான். அவனுக்குத் தனியாக ஒரு முட்டையைப் பொரித்துப் போட்டாள். காய் வதங்கும்போது மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்: முருகா, இது உனக்கும் எனக்கும் இல்லை. எனக்கும் அந்தாளுக்கும். பிறகு பொடியை இன்னும் அரை ஸ்பூன் கூடத் தூவுவாள். எண்ணெயில் பட்டு அது சிவந்து எழும்பும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும். அன்றாடம் எதிலும் கிடைக்காத சந்தோஷம். சொல்லும் நாளில் அவர் முகம் எப்படிப் போகும் என்று விதவிதமாக நினைத்துப் பார்ப்பாள். கத்துவார், அடிக்க வருவார், எல்லார் முன்னாலும் மாலையைக் கழற்றுவார். பெரும்பாலும் அழுவார்.

கிருத்திகை முடிந்து, மொட்டைத் தலையோடு பிரசாதம் கொண்டுவரும் நாளில் சொல்லலாம் என்றுதான் இருந்தாள். ஆனால் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. திலகாவுக்குக் காய்ச்சல், கை சீழ் வைத்திருக்கிறது. ஏழு மணிக்குள் கிளினிக் போனால்தான் டாக்டர் இருப்பார். ஐந்தரைக்கு அவள் எழுந்து நின்றாள். மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். சாமி வந்து அவள் பெட்டிமுன் குந்தினார். ஒரு பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"சாமி, புள்ளைக்கு ஜுரம். நான் போவணும்."

"எண்ணிக்கினு இருக்கேன் இல்ல? நடுவுல பேசாத. பத்து... பதினொண்ணு..."

வெளியே பஸ் உறுமத் தொடங்கியது.

"ஒம்போது நாளா நீங்க துன்னது வெறும் கத்திரிக்கா இல்ல" என்றாள் செண்பகம்.

"பதினாலு... இன்னாது?"

"சென்னாக்கூனி. வறுத்து அரைச்சுப் போட்டது."

அவர் கையில் பட்டை அப்படியே நின்றது. மற்ற கை மாலைக்குப் போனது, தொடாமலே இறங்கியது.

"நான் கேட்டேனே."

"கேட்டீங்க. கத்திரிக்கா சாதம்னு சொன்னேன். கத்திரிக்காயும் இருந்துச்சு."

"எத்தினி வாட்டி?"

"அஞ்சு வாட்டி. இன்னிக்கும் சேத்து."

அவர் கத்தவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் வெறுங்காலைப் பார்த்தார். பேசியபோது குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"புள்ளைக்கு வேண்டிக்கினது. நாலு வயசாவுது. இன்னும் ஒரு வார்த்தை பேசல."

செண்பகம் நினைத்துப் பார்த்து வைத்திருந்த முகங்களில் இது இல்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. விமலுக்கும் நான்கு வயது. ஒரு நொடி வாயை மூட மாட்டான். பிறகு கொதிகஞ்சியும், சோறு நன்றாகத்தான் வெந்தது என்று சொன்ன குரலும் வந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டன.

"ஊட்ல புள்ள இருக்குறவரா நீங்க?" என்றாள். "இத்தினி நாளா எனக்குத் தெரியவே இல்ல."

அவர் கையிலிருந்த பட்டையைப் பெட்டிக்குள் போட்டார்.

"பஸ் நிக்குது, சார்."

சாமி என்று சொல்லவில்லை. அவர் கையை மட்டும் அசைத்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். டிரைவர் அப்பாவு திட்டிக்கொண்டே கதவைத் திறந்தார். ஈஸ்வரி தன் பக்கத்தில் இடம் போட்டு வைத்திருந்தாள்.

"இன்னாடி, இப்டி மூச்சு வாங்குது?"

"சொல்லிட்டேன்."

ஈஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. "நாளைக்கு லைன் முழுக்கச் சொல்றேன் பாரு. மனுசன் வெளிய தலகாட்ட முடியாது."

"வாயத் தொறக்காத."

"பாவம் பாக்குறியா?"

"பாவமா? எல்லாருக்கும் சொன்னா ரெண்டு நாளு சிரிப்பாங்க. அப்பால தீந்துடும். எனக்குத் தீர வேணாம்."

ஏழுக்கு முன்னால் டாக்டரைப் பிடித்துவிட்டாள். கையைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு, காரமும் எண்ணெயும் வேண்டாம் என்று அனுப்பினார். வீட்டுக்கு வந்து ஒரு கைப்பிடி அரிசியும் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பும் சேர்த்துக் குக்கரில் குழைய வைத்து, சீரகம் தட்டிப் போட்டாள். பதினெட்டு நிமிடம். திலகாவுக்கு ஊட்டிவிட்டாள். மீதியில் உப்பும் ஊறுகாயும் போட்டுத் தான் சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் போட்டுக்கொண்டாள். ஆனி மாதத்துக்குப் பிறகு அவளுக்கு அப்படிப் பசித்தது அன்றுதான்.

துளசிராமன் மூன்று நாள் லீவில் இருந்தார். திங்கட்கிழமை மொட்டைத் தலையில் சந்தனம் பூசி வந்தார். மாலையைக் கடைசிவரை கழற்றவில்லை, காவடியையும் எடுத்துவிட்டார் என்று தெரிந்தது. வீட்டில் என்ன சொன்னாரோ, யாரிடமாவது சொன்னாரா என்பது தெரியாது. மேசையில் ஒவ்வொருவருக்கும் விபூதி கொடுத்துக்கொண்டே வந்தார். செண்பகத்தின் முன்னால் கை நீண்டது, ஆனால் கண் நிமிரவில்லை. அவள் தன் கையை நீட்டவில்லை. ரப்பர் பட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு அடுத்த ஆளிடம் போனது.

மதியம் அவர் தட்டோடு வரவில்லை. ஐந்து இருபத்தைந்துக்கு வந்து, பெட்டியை எண்ணாமலே, "கிளம்புங்க" என்றார், பொதுவாக, சுவரைப் பார்த்து.

பஸ் புதுவாயலை நோக்கித் திரும்பும்போது, பேசாத அந்தப் பையன் ராத்திரிக்கு என்ன சாப்பிடுவான் என்று செண்பகம் ஒருமுறை நினைத்தாள். ஜன்னலுக்கு வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. வீட்டில் உருளைக்கிழங்கு நாலு இருக்கிறது, தக்காளிதான் வாங்க வேண்டும் என்று மனதைத் திருப்பிக்கொண்டாள்.