தொடங்கிய இடத்தில் ஒட்டாது

1

இந்தக் கதை ஒரு தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. கீழே எஃகு, மேலே அலுமினியம். கப்பல் கட்டுகிறவர்கள் வாங்குவார்கள். வெடி வைத்து இரண்டையும் சேர்ப்பது அண்ணியின் வேலை. சேர்ந்திருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை.

உருக்கி ஒட்டினால் சேர்ந்த இடம் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். அதனால் எஃகுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு அலுமினியத்தை நிறுத்தி, அதன்மேல் வெடிமருந்தைப் பரப்பி, ஒரு மூலையிலிருந்து வெடிக்க விடுவார்கள். கண் சிமிட்டுவதற்குள் ஒன்று மற்றதன்மேல் அறைந்து ஒட்டிக்கொள்ளும்.

வெடி தொடங்கிய மூலை மட்டும் ஒட்டாது. அதை வெட்டிப் போட்டுவிடுவோம்.

அந்த வெட்டுத்துண்டைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். எதைப் பற்றி என்று அப்போது தெரியவில்லை. இப்போதும் அவ்வளவாகத் தெரியவில்லை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அண்ணன் வீட்டைவிட்டுப் போன அன்று அண்ணி — [வேண்டாம். அன்று அண்ணி ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.]

இரு வேறு உலோகங்களைப் போல அண்ணனும் அண்ணியும் — [பொய். அவர்கள் ஒட்டவே இல்லை.]

அண்ணனுக்கும் அண்ணிக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. நானும் அண்ணியும் இன்னும் அதே வாடகை வீட்டில் இருக்கிறோம். மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். அண்ணி வேறு வீடு பார்த்துவிட்டார். அதில் எனக்கும் இடம் உண்டா என்று தெரியவில்லை.

கடைசித் தொடக்கத்தில் அழகே இல்லை. ஆனால் உண்மை. இருக்கட்டும்.

3

அம்மா போனில் சொன்னது, அப்படியே:

"அவ யாருடி உனக்கு இனிமே? அத்துக்கிட்டுப் போனவ. பெட்டியக் கட்டிக்கிட்டு வா."

"அத்துக்கிட்டது உன் பையன்தானேம்மா" என்றேன்.

[சொல்லவில்லை. "சரிம்மா" என்றேன். கதையிலாவது சொல்லிப் பார்த்தேன்.]

4

அண்ணியை எழுத வரவில்லை. வெடி வைக்கும் பெண் என்று எழுதியதுமே வீராங்கனை ஆகிவிடுகிறார். நிஜத்தில் அப்படி இல்லை.*

* பிறந்தநாள் வீட்டில் பலூன் கட்டியிருந்தால் வாசலோடு திரும்பிவிடுவார். கேட்டால், "என் வெடி எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியும். பலூன் யாரக் கேட்டு வெடிக்குது?"

5

வாயால் கேட்க முடியாமல், இதுவரை எழுதியதை அண்ணியிடம் கொடுத்தேன். சோதனைக்கூடத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் படித்தார். நான் உளியோடு நின்றேன். தகட்டின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, சேர்ந்த கோட்டில் உளி வைத்து அடிப்பது ஒரு சோதனை. நன்றாகச் சேர்ந்திருந்தால் கோடு பிளக்காது, அலுமினியம்தான் கிழியும்.

"ஏ வாயில்லாப்பூச்சி, இதுல நான் இரும்பா?"

"எஃகு, அண்ணி."

"அப்ப நீ அலுமினியம். சரிதான், தொட்டா நெளியற. உங்கண்ணன்?"

யோசித்தேன். "வெடிமருந்து."

சிரித்துவிட்டார். "சத்தம் மட்டும் ஊரக் கூட்டும். அப்புறம் தேடினாலும் கெடைக்காது." மேசையில் கிடந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். "ஆனா ரெண்டும் சேந்துதான கெடக்கு."

[இங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் முடிக்கவில்லை.]

"புது வீட்டுல எத்தன ரூம்னு எழுதலையே?"

"நீங்க சொல்லல."

"நீ கேக்கல."

6

முடிவுகள்:

அ. கேட்கிறேன். "ஒண்ணுதான்" என்கிறார். அம்மாவிடம் போகிறேன்.

ஆ. கேட்கிறேன். "ரெண்டு" என்கிறார். இன்னொன்று எனக்கா, சாமான் போடவா என்று புரியாமல் நிற்கிறேன்.

இ. கேட்கவில்லை. உளியை ஓங்குகிறேன். சத்தத்தில் எல்லாம் போய்விடும்.

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதிலும் நான் இல்லை. நடந்தது இவ்வளவுதான்: அண்ணி காகிதங்களை மடித்தார். ஆனால் எழுந்து போகவில்லை. நான் உளியைக் கீழே வைத்தேன். "அண்ணி" என்றேன். குரலே வரவில்லை.

பரவாயில்லை. தொடங்கிய இடம் ஒட்டாது. அந்த மூலையை வெட்டிவிடலாம்.

அவர் என்ன சொல்வார் என்பதை என்னால் எழுத முடியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் கேட்பதை மட்டும் கேட்டுவிடுகிறேன்.

"அண்ணி, அந்த வீட்டுல எனக்கும் எடம் உண்டா?"