கார் போட்டிருந்த மோதிரம்

குளிரில் விரல் சுருங்கும் என்று யாராவது எனக்குச் சொல்லித் தொலைத்திருக்கலாம். பிரான்சில், ரூ லூயி-பிளாங்க் தெருவில், நான் பாத்திரம் கழுவுகிற உணவகத்துக்கு முன்னால், ரேமண்ட் அண்ணையின் காருக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். இடது ஹெட்லைட்டில் வைத்துவிட்டுக் கையை உதறினேன். மோதிரம் கழன்று, விளக்கைச் சுற்றியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் சட்டத்தின் இடுக்குக்குள் போய்விட்டது. சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அது எழுத்து மோதிரம். எண்பத்திரண்டில், ஊரில் கலியாணத்தைப் பதிவு செய்த எழுத்தன்று நாகேஸ்வரி என் விரலில் போட்டது. நாலு வருசம் சவுக்காரத் தண்ணீருக்குள்ளும் கழற்றாமல் வைத்திருந்தேன். விரல் மெலிய, நூல் சுற்றிப் போட்டேன். இன்றைக்கு அவள் வருகிறாளே என்று அந்த அழுக்கு நூலைக் காலையில்தான் பிரித்தெறிந்தேன், மடையன். நாலரை மணிக்கு ருவாஸி விமான நிலையத்தில் இறங்குகிறாள். முதலில் என் முகத்தையா பார்ப்பாள்? கையைத்தான் பார்ப்பாள்.

ரேமண்ட் அண்ணை பாண்டிச்சேரிக்காரர், வேதக்காரர், தபால் கந்தோரில் வேலை. "என் காரை சாமியாரே மந்திரிச்சுட்டாரு, நீ வேற பொட்டு வைக்கணுமா?" என்று சிரித்துத்தான் சம்மதித்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்தால் அவர் முதலில் கும்பிடுவது இந்தக் காரைத்தான். நான் திருப்புளியோடு ஓடிவரப் பதறிப்போனார்.

"அதைக் கீழ போடு, மகாலிங்கம்! இந்தக் குளிர்ல நெம்புனா அப்பளமாட்டம் நொறுங்கிடும். மெதுவா... துஸ்மான்." பதற்றத்தில் 'மெதுவா' என்பது அவருக்குப் பிரெஞ்சிலும் வந்துவிடும்.

மேலே இருந்த இரண்டு திருகாணிகளை அவரே கழற்றினார். கீழே நாலு கொக்கிகள் இறுகப் பிடித்திருந்தன. நான் குசினியிலிருந்து சுடுதண்ணீர்க் கேத்தலும் துணியும் மர அகப்பையும் கொண்டுவந்தேன். துணியை நனைத்துப் பிழிந்து சட்டத்தின் மேல் போர்த்தினோம். ஆவி எழும்பியது. சந்தனம் உருகி மணத்தது. தெருவும் கடைகளும் மங்கிப்போய், வெள்ளைக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் குந்தியிருந்தோம். தூரத்தில் பாலத்தின் மேல் மெத்ரோ போகிற சத்தம் கடல் மாதிரிக் கேட்டது. ஆவிக்கு அந்தப் பக்கம் நாகேஸ்வரி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்றே பட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, துணி ஆறிவிட்டது. மறுபடியும் நனைத்தேன்.

அகப்பைக் காம்பை இடுக்கில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். ஒரு கொக்கி விட்டது. இரண்டாவது, மூன்றாவது. நாலாவது 'டக்' என்று விட, சட்டம் ஒரு கீறல் இல்லாமல் அவர் கைக்கு வந்தது. தகர விளிம்பில் மோதிரம் மினுங்கிக்கொண்டு இருந்தது. நான் கை நீட்டுவதற்குள், அந்த அதிர்வில் உருண்டு, பக்கத்தில் இருந்த ஓட்டைக்குள் விழுந்தது.

"அடக் கடவுளே," என்றார். "சட்டம் முழுசா வந்துச்சு, மோதிரம் போயிடுச்சே! பம்பரையே இறக்கணும்பா. மணி மூணரை. இப்ப மோதிரம் காத்திருக்கணுமா, உன் பொண்டாட்டி காத்திருக்கணுமா?"

நான் றோட்டில் நின்று அழுதேன். அவர் சட்டத்தைப் பொருத்திவிட்டு எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

ருவாஸியில் நாகேஸ்வரி மெல்லிய சுவெற்றரோடு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். நினைத்தது போலவே கையைத்தான் பார்த்தாள். விரலில் மோதிரம் இருந்த இடம் வெளிறிக் கிடந்தது. பின்சீற்றில் என்னை விட்டு யன்னலோரம் தள்ளி உட்கார்ந்தாள். நெடுஞ்சாலை நேராக ஓடியது; இரைச்சலில் வேறொன்றும் கேட்கவில்லை. வெளியே பனிப்புகார் மூடிக் கிடந்தது.

போர்த் து லா ஷாப்பல் சுற்றுவட்டத்தில் கார் மெதுவாகத் திரும்பியது. முன்பக்கத்தில் எதுவோ 'கிணிங்' என்று உருண்டது.

"அது என்ன சத்தம்?" என்றாள். பிரான்சில் அவள் கேட்ட முதல் கேள்வி.

"நீர் போட்ட மோதிரம்," என்றேன். "உம்மைக் கூட்டிவர முதல் காருக்குப் பொட்டு வைச்சனான். கழண்டு உள்ளுக்கை விழுந்திட்டுது. இப்ப கார்தான் போட்டிருக்கு."

அவளுடைய குளிர்ந்த கை என் வெறும் விரலைத் தேடிப் பிடித்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் மெதுவாக, "அண்ணையை இன்னொருக்கால் சுத்தச் சொல்லுங்கோ."

ரேமண்ட் அண்ணை கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். போக வேண்டிய தெருவை விட்டுவிட்டு மறுபடியும் வட்டத்தைச் சுற்றினார். நாகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். கார் ஒரு பக்கம் சரிய, முன்னால் எங்கோ அது உருளத் தொடங்கியது.