நல்ல வீக்கம்

டாக்டர் விஜயஸ்ரீயை ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டுமானால் மயக்க ஊசிதான் போட வேண்டும். நாற்காலியில் இருந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவருடைய அப்பா வைத்தியலிங்கம் பிள்ளை, ஓய்வு பெற்ற தாசில்தார், ஒரு நாள் என்னிடமே சொன்னார்: "இவ கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவம்மா. நீயாவது கொஞ்சம் ஒக்காரச் சொல்லேன்." நான் சொல்லி யார் கேட்பது? நான் அவருடைய ஆராய்ச்சியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஹெப்சிபா. வயதில் மூத்தவள் என்று அக்கா போட்டுக் கூப்பிடுவார். மரியாதையெல்லாம் கூப்பிடுவதோடு சரி. மற்றபடி அவர் வைத்ததுதான் சட்டம்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் ஆய்வகத்துக்குள் நுழையும்போதே கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாங்கக்கா, புன்னக்காயலுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

"நேத்துத்தான குத்தினோம் மேடம்? நாளைக்குத்தான அளக்கணும்?"

"அளக்க வேண்டாம். சும்மா பாத்துட்டு வருவோம். எனக்கு இருப்புக் கொள்ளல."

எங்கள் வேலையே காத்திருக்கிற வேலை. காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த சாரத்தைத் துளியளவு முன்கைத் தோலுக்குள் ஏற்றுவோம். அந்தக் கிருமியை உடம்பு ஏற்கெனவே சந்தித்திருந்தால் இரண்டு நாளில் அந்த இடம் தடித்து வீங்கும். சந்திக்காத உடம்பு பேசாமல் இருந்துவிடும். புன்னக்காயல் கத்தோலிக்க மீனவர் ஊர், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கம் கிடையாது. பூசை முடிந்ததும் ஊரே வீட்டில் இருக்கும். அதனால் வெள்ளிக்கிழமை குத்தி, ஞாயிற்றுக்கிழமை அளப்போம். நான் சி.எஸ்.ஐ.காரி, எங்கள் ஆராதனையை விட்டுவிட்டு அவர்கள் பூசை முடியக் காத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

முதலில் தாமிரபரணிக் கரையில், திருநெல்வேலிப் பேட்டையில் பார்த்தோம். காசநோய் கண்ட வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் பாதிப் பேருக்குக்கூடக் கை வீங்கவில்லை. அதே தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னக்காயலிலோ தொட்ட கையெல்லாம் வீக்கம். ஆனால் ஒரே ஒருவரைத் தவிர யாருக்கும் நோய் இல்லை. விஜயஸ்ரீக்கு அன்று பிடித்தது பித்து. காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமி ஒன்று, சாதுவானது, கழிமுகத்துச் சேற்றில் இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே அதில் புழங்கும் இந்த மக்களின் உடம்புக்கு அது பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதனால்தான் வீக்கம் வருகிறது, நோய் வருவதில்லை. அந்தக் கிருமி கையில் கிடைத்தால் புதுத் தடுப்பூசிக்கே வழி பிறக்கும் என்று சொல்லிக்கொண்டு நடந்தார், நடந்தார், ஆய்வகத்தின் தரை தேய நடந்தார்.

பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. சென்னை, வெளிநாடு என்று சுற்றிப் படித்து ஊர் திரும்பியவர். அதற்கு முன்னால் அவர் கையிலெடுத்த யோசனை ஒவ்வொன்றும் மண்ணைக் கவ்வியது. இதுதான் கடைசி வாய்ப்பு. புதன்கிழமை டெல்லியில் நிபுணர் குழு கூடுகிறது. அவர்கள் தலையாட்டினால் ஆய்வகம் நிற்கும். இல்லையென்றால் எங்கள் கதவுக்குப் பூட்டு. மிச்சமிருந்த சில வீடுகளும் வீங்கிவிட்டால் போதும்.

காரை அவரே ஓட்டினார். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் முன்னால் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று அசைந்து அசைந்து போனது. அதை முந்தும் வரை அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். ஆத்தூர் தாண்டி உப்பளங்களின் வெள்ளை கண்ணைக் கூச வைத்தபோதுதான் திறந்தேன்.

நேராக இஞ்ஞாசியம்மாள் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் மீன் விற்பவர். அந்த ஊரில் எங்களுக்கு வலது கை. அவருடைய கணவர் பர்னபாஸுக்குப் போன வருஷம் காசநோய் வந்தது. எங்கள் ஆட்கள்தான் சளி எடுத்துக் கண்டுபிடித்தார்கள். மருந்து சாப்பிட்டுக் குணமாகி இப்போது மறுபடி கடலுக்குப் போகிறார். அந்த நன்றிக்காக இஞ்ஞாசியம்மாள் எங்களை வீடு வீடாகக் கூட்டிப்போய், கை நீட்ட மறுத்தவர்களைக்கூட ஏசி நீட்ட வைத்தார்.

முற்றத்தில் தார்ப்பாய் நிழலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் நாங்கள் நேற்றுக் குத்தியவர்கள். நடுவில் இஞ்ஞாசியம்மாளின் மகள் அபிஷா, பி.காம். முடித்த பெண். பக்கத்தில் உடைத்த முந்திரிக்கொட்டைகள். இந்தப் பக்கத்தில் கொல்லாங்கொட்டை என்பார்கள். தோட்டில் கசிந்த பாலை ஒரு முள்ளால் தொட்டு, நீட்டிய கையில் எங்கள் ஊசி பட்ட இடத்தில் பைய வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ணுதிய இங்கன?" விஜயஸ்ரீயின் படித்த தமிழ் எங்கோ போய்விட்டது.

"வாங்க டாக்டரம்மா. நாளைக்குல்லா வருவியன்னு இருந்தோம்." இஞ்ஞாசியம்மாள் கொஞ்சமும் பதறவில்லை. "ஊசி பிடிச்சு வீங்காதவுகளுக்குப் பால் வைக்கோம். இன்னைக்கு வச்சாத்தான் நாளைக்குச் சரியா எந்திரிக்கும். ஒண்ணும் செய்யாது. சின்னப் பிள்ளையில இத வச்சுத்தான கையில பேரு எழுதுவோம்?"

"எத்தன பேருக்கு வச்சிய?"

"இந்தத் தடவையா? இல்ல, எல்லாத் தடவையும் சேத்தா?"

ஒவ்வொரு கையையும் தடவி, பேனாவால் ஓரம் கண்டுபிடித்து, அளவுகோல் வைத்தவள் நான். சில கைகளில் தோல் கொஞ்சம் கறுத்திருந்ததை வெயில் என்று நினைத்தேன். கொல்லாம்பால் பட்டால் வருகிற தடிப்பும் எங்கள் ஊசிக்கு வருகிற தடிப்பும் உடம்புக்குள் அதே வெள்ளை அணுக்கள் செய்கிற வேலை. இரண்டும் பைய வரும், இரண்டும் கெட்டியாக இருக்கும். விரலுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

"ஏன்? ஏன் இப்படிச் செஞ்சிய?" விஜயஸ்ரீ கத்தினார்.

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஞ்ஞாசியம்மாளுக்கு இப்போதுதான் முகம் மாறியது.

"கோவப்படாதிய டாக்டரம்மா. மொதத் தடவ எங்க கொழுந்தன் அலெக்ஸ் கையப் பாத்திய. ஒண்ணுமில்லன்னதும் ஒங்க மொகம் அப்படியே செத்துப்போச்சு. அடுத்தாப்புல அபிஷா கையப் பாத்திய. அப்பம் சிரிச்சிய பாருங்க ஒரு சிரிப்பு! அவ கையப் பிடிச்சிக்கிட்டு 'நல்ல வீக்கம், நல்ல வீக்கம்'னிய. எங்க வீட்டுக்காரருக்கு உசிரு குடுத்தவுக நீங்க. ஒங்க மொகம் வாடுறதப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியளா? அதுவும் போக, அந்தக் காலத்துல அம்மை குத்தினாலும் தழும்பு விழுந்தாத்தான பிடிச்சிருக்கும்பாக?"

விஜயஸ்ரீ விறுவிறுவென்று ஆற்றங்கரைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கரையில் ஏற்றிவைத்த படகுகளுக்கு நடுவே அங்குமிங்கும் நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். எனக்குத் தலை சுற்றியது.

"அக்கா, இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"ஊருக்கே தெரியும் மேடம்."

"ஊரு டெல்லிக்கு வராது."

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். நான் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. பூட்டு விழுந்தால் எனக்கும்தான் வேலை போகும். சரி, இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குள்ளும் ஒன்று முணுமுணுத்தது. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அப்போது அபிஷா கையில் இரண்டு கலர் சோடா பாட்டிலோடு மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அம்மா குடுக்கச் சொன்னாவ. டாக்டர், எனக்குப் பால் வைக்கவே இல்ல. மாதா மேல சத்தியமா. எனக்குத் தானாத்தான் வீங்குச்சு. என்னோடத மட்டுமாவது சேத்துக்கிடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். இருமல். வறண்ட இருமல் இல்லை. நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

விஜயஸ்ரீயின் நடை நின்றது.

"எவ்வளவு நாளா இருமுத?"

"ஒரு மாசம் இருக்கும் டாக்டர். உப்புக்காத்துல்லா."

"சாயங்காலம் காய்ச்சல் அடிக்கா?"

"லேசா."

"அப்பாகூட இருந்தவங்களுக்கெல்லாம் நோய் வராம இருக்க மாத்திர குடுத்தாங்களே. முழுசும் சாப்பிட்டியா?"

அபிஷா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இல்லயே. நீங்கதான டாக்டர் சொன்னிய, நல்ல வீக்கம், ஒடம்பு காவலுக்கு நிக்குன்னு. காவல் இருக்கப்போ மாத்திர எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஊர் முழுக்கப் பொய் வீக்கம். அதற்குள் ஒரே ஒரு நிஜ வீக்கம். அதைத்தான் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கொண்டாடியிருக்கிறோம். கலர் பாட்டில் என் கையில் சில்லென்று இருந்தது. குடிக்க மனம் வரவில்லை.

"அக்கா, இவளக் கார்ல ஏத்துங்க. கண்ணாடியெல்லாம் இறக்கி விடுங்க. இஞ்ஞாசியம்மாகிட்ட நான் சொல்லிட்டு வாரேன்."

திரும்பும் வழியில் அவர் யாரையும் முந்தவில்லை. திருநெல்வேலியில் தெரிந்த ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் அபிஷாவை உள்ளே அனுப்பிவிட்டு, வாசல் வேப்பமரத்தடியில் நின்று டெல்லிக்குப் பேசினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தமிழும் ஆங்கிலமுமாக அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான்: கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, அளந்ததெல்லாம் தப்பு, பிழை எங்களுடையது, மக்களுடையது அல்ல. அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "ஆமா, எல்லாத்தையும்தான் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். கண் சிவந்திருந்தது. நான் கைக்குட்டையை நீட்டினேன், வாங்கிக்கொண்டார்.

படம் வந்தது. வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. எனக்கே தெரிந்தது.

அபிஷா படத்தின் பக்கம் திரும்பவே இல்லை. அவள் விஜயஸ்ரீயின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் எல்லாரும் எங்கள் முகத்தை அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். எனக்குத்தான் அன்றுவரை உறைக்கவில்லை.

விஜயஸ்ரீ சிரித்துப் பார்த்தார். வரவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். கால் ஆடவில்லை.

"நல்லா இல்லையா டாக்டர்?"

"நல்லா இல்லம்மா. நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. சளி டெஸ்ட் பண்ணணும். பெரும்பாலும் அப்பாவுக்கு வந்ததுதான். மருந்து இருக்கு, ஒழுங்காச் சாப்பிட்டா முழுசாக் குணமாயிரும். ஆனா வராமலே தடுத்திருக்கலாம். என்னாலதான் வந்துச்சு."

அபிஷா தன் கையைப் பார்த்தாள். வீக்கம் என்றைக்கோ வற்றிப்போன கை. பிறகு அதை நீட்டி விஜயஸ்ரீயின் முழங்காலைத் தொட்டாள்.

"நான் மாத்திரய ஒரு நாளும் விடாமச் சாப்பிட்டுருவேன் டாக்டர். நீங்க மொகத்த அப்படி வச்சுக்கிடாதிய."