தொரசாணியைக் கூட்டிவர ஆளில்லை

தேர்தல் வந்தால் எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக்கும் யாராவது வருவார்கள். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் ஒருத்தி கிளம்பிப் போவாள். அவள் பெயர் தொரசாணி. பெயர் வைத்தது நான்தான். ஆள் வேறு யாருமில்லை, இங்கிலாந்தில் செய்த பழைய வெப்ளி ரிவால்வர். பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவர் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, லைசென்சும் கையுமாக நின்று என் வீட்டுக்காரர் தவசிமுத்து வாங்கி வந்தார். எனக்குத் தாலி கட்டிய அதே வருஷம். அவளை நான் சக்களத்தி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு போய் வாங்கிக்கொள்ளலாம். இவர் அவளுக்கு எண்ணெய் போட்டு, பனியன் துணியில் சுற்றி, பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிற முகத்தோடு கொண்டுபோய் விடுவார். நடுவில் போய் ரைட்டரிடம், "ஜன்னலாண்ட வெச்சிடாதீங்க சார், உப்புக்காத்து" என்று சொல்லிவிட்டும் வருவார். திருப்பித் தரலாம் என்று ஆர்டர் வந்த அன்றைக்கு, ஸ்டேஷன் வாசல் பெருக்குவதற்குமுன் இவர் அங்கே நிற்பார். என்னைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் விட்டுவிட்டு, பிள்ளை குப்புற விழுகிறவரை கூப்பிட வராத மனிதர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு காலத்தில் வீட்டில் மூன்று சக்களத்திகள் இருந்தார்கள். தோட்டாவே கிடைக்காமல் ஒருத்தி போனாள். ஆளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது என்று சட்டம் வரும் என்ற பேச்சிலேயே பயந்து இன்னொருத்தியையும் கடையில் கொடுத்தார். அவசரக் குடுக்கை. சட்டம் வந்தபோது தொரசாணி மட்டும்தான் மிச்சம்.

இந்தத் தடவை ஓட்டு எண்ணி முடித்தார்கள், மந்திரிகளும் பதவியேற்றார்கள். இவர் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை.

"தொரசாணிய இட்டாரலியா?" என்று கேட்டேன்.

"போவலாம் மே. இன்னா அவசரம்?" என்றார். பேப்பரில் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையைத் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

கைப்புண்ணுக்குக் கண்ணாடியா வேண்டும்? கொஞ்ச மாதமாகவே நான் காபியை முக்கால் டம்ளர்தான் ஊற்றுகிறேன். முழுசாக ஊற்றினால் லுங்கியில் கொட்டுகிறது. காபி ஏன் குறைந்தது என்று அவர் கேட்கவில்லை, ஏன் கொட்டுகிறது என்று நானும் கேட்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை அது. நெற்றியில் பொட்டு வைக்கிற பக்குவத்தில் கன்டெய்னரை லாரிமேல் இறக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போனால், தொரசாணியை அந்த ஒற்றைக் கையால்தான் நீட்டிச் சுடுவார். சுட்டபின் அவளை நடுவில் மடக்கினால் ஆறு காலித் தோட்டாவும் தானாகத் துள்ளி வெளியே வரும். ஒன்றையும் தரையில் விழவிடாமல் இடது கையில் ஏந்திக்கொள்வார். அந்த வேடிக்கைக்காகவே நானும் சில ஞாயிறுகளில் கூடப் போயிருக்கிறேன், முணுமுணுத்துக்கொண்டேதான்.

ஒருநாள் ரைட்டரே போன் செய்தார். "எல்லாரும் வாங்கினு போயிட்டாங்கம்மா. மொத ஆளா வர்ற சார மட்டும் காணோம். ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

போலீஸ்காரருக்கே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி நான் இன்னும் எத்தனை நாள் நடிப்பது? அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன்.

"கைய வெளிய எடு" என்றேன்.

எடுத்து மடியில் வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, கையில் இல்லாத பீடியை உருட்ட ஆரம்பித்தன. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தூக்குனா நிக்குது பிலோமி. குறி பாக்கறதுக்குள்ள திரும்ப ஆடுது. கடேசியா கிளப்புக்குப் போனப்ப ஒரு குண்டு மண்ணுல பூட்ச்சு. யாரும் பாக்கல."

"அதுக்கோசரம் அவள அங்கியே உட்டுடுவியா?"

"நீ படுத்துகினு கீற வூட்ல, இந்தக் கைய வெச்சுகினு அத்த எப்டி வெச்சிக்கிறது?"

அவள் ஒழிய வேண்டும் என்று அந்தோணியாருக்கு நான் மெழுகுவத்தி ஏற்றாத குறைதான். இப்போது அவராகவே விட்டுவிடுகிறேன் என்கிறார், அதுவும் எனக்காக. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. இந்த மனிதர்மேல் எனக்கு இவ்வளவு ஆசை இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பார்க்கின்சன் என்றார். மாத்திரையில் கட்டுப்படும், போகாது. சும்மா வைத்திருக்கும்போதுதான் கை அதிகம் ஆடும், எதையாவது பிடிக்க நீட்டினால் கொஞ்சம் அடங்கும் என்றும் விளக்கினார். போகாது என்றதற்குப் பிறகு சொன்ன எதுவும் அன்றைக்கு எனக்கு மனசில் ஏறவில்லை.

அங்கிருந்து நேரே துப்பாக்கிக் கடைக்குப் போய் விசாரித்தேன். இவரைப் போல எழுபது தாண்டியவர் தன் துப்பாக்கியைப் பெண்டாட்டி பேருக்கு மாற்றக் கேட்கலாமாம். பெண்டாட்டி முறையாகப் பயிற்சி எடுத்திருக்க வேண்டுமாம்.

"அவள என் பேருக்கு மாத்து" என்றேன் இவரிடம்.

ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். "நீயா? ஊசிவெடிக்கே காதப் பொத்திக்கினு பாத்ரூமுக்கு ஓடுவ."

"அது தீபாவளிக்கு. இது வேற."

கிளப்பில் சேர்ந்தேன். முதல் நாள் பக்கத்தில் யாரோ சுட்ட சத்தத்துக்கே ஏசுவே என்று உட்கார்ந்துவிட்டேன். கோச் நல்ல பையன், சிரிக்கவில்லை. இவர்தான் பின்னால் நின்று சிரித்தார். அந்த எரிச்சலிலேயே எழுந்து நின்று கற்றுக்கொண்டேன். எனக்கு ரோஷம் ஜாஸ்தி.

லைசென்சுக்கு நேர்காணலில் அதிகாரி கேட்டார். "இந்த வயசுல எதுக்கும்மா துப்பாக்கி? யாராவது மிரட்டுறாங்களா?"

"யாரும் மிரட்டல சார். அவரோடது ஒவ்வொண்ணா கைய உட்டுப் போவுது. ஒண்ணாச்சும் வூட்ல இருக்கட்டும்" என்றேன்.

அதிகாரி இவரைப் பார்த்தார். இவர் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். அதிகாரி பேனாவைத் திறந்து என் மனுவில் எழுத ஆரம்பித்தார்.

கடைசியில் சக்களத்தியை ஸ்டேஷனிலிருந்து நானேதான் கூட்டி வந்தேன். பனியன் துணியைப் பிரித்துத் துரு இருக்கிறதா என்று முதலில் பார்த்ததும் நான்தான். பீரோ லாக்கருக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவுச் சாப்பாட்டில் இன்னும் ஒரு துண்டு வஞ்சிர மீன் கேட்டு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளப்புக்குப் போனோம். தோட்டாவை நானே ஒவ்வொன்றாகப் போட்டேன். இவர் என் இடது பக்கம் நின்றார். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மறைக்கவில்லை.

"மூச்ச பாதி உடு. இழுக்காத, சொம்மா அமுக்கு" என்றார்.

ஆறும் சுட்டேன். காகிதத்தில் விழுந்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஓரத்தில். பாக்கி ஐந்தும் பின்னாலிருக்கும் மண்மேட்டுக்கே காணிக்கை. திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணை இடுக்கி அந்த ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். நான் குழாயைக் கீழ்ப்பக்கம் திருப்பி, அவர் செய்கிற மாதிரியே தொரசாணியை நடுவில் மடக்கினேன்.

காலித் தோட்டாக்கள் துள்ளி வந்தன. அவர் யோசிக்காமல் வலது கையை நீட்டினார். ஆறும் அந்த உள்ளங்கையில் விழுந்தன. ஒன்றுகூடக் கீழே சிந்தவில்லை. கை ஆடவில்லை.

அவர் கையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தோட்டாச் சூடு உறைக்காத மாதிரி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று மூச்சு இருக்கும். பிறகு விரல்கள் மெல்ல ஆடத் தொடங்கின, தோட்டாக்கள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன.

"பிலோமி" என்றார். "இன்னொரு தபா சுடுறியா?"

"நீ புடி" என்றேன். "எத்தினி தபா வேணும்னாலும் சுடறேன்."