சமையலறையில் ஒரு சிலோன் பையன்

நாகப்பன் கங்காணி ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். அப்புறம் அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூட அவர் தொண்டையில் இறங்காது. மாரியம்மன் கோயில் கரகத்தை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று அவருக்கும் சொந்த அண்ணன் சின்னையாவுக்கும் ஒரு தடவை சண்டை வந்தது. அதற்குப் பிறகும் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போனார், மொய் வைத்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறவும் செய்தார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் வீட்டுக்கு வந்து பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே சாப்பிட்டால் உறவை ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். மலாய் நாட்டில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. அப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கைப்பட்ட செல்லத்தின் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள் ரமணி. தோட்டத்து ஃபேக்டரி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கொழுந்து காயவைக்கும் மெஷினைப் பூட்ட ஜெர்மனியிலிருந்து வெர்னர் என்று ஒரு பையன் வந்தான். மெஷினைப் பூட்டி முடித்து ஊருக்குப் போகும்போது ரமணியையும் கூட்டிக்கொண்டு போனான். ஈப்போவில் பதிவுக் கல்யாணம். நாகப்பன் போகவில்லை. "அவ வீட்டுல செத்தாலும் கை நனைக்க மாட்டேன்" என்று லயத்து வீடுகளெல்லாம் கேட்கச் சொன்னார். அதோடு மகளிடம் பேச்சும் நின்றது. ஏழு வருடம்.

எண்பத்து நாலாம் வருடம் ரமணி உண்டாகியிருப்பதாகக் கடிதம் வந்தது. கூடவே ரெண்டு விமான டிக்கெட். ஏழாம் மாசத்தில் பெற்றவள் வளையல் போடாமல் வேறு யார் போடுவது? செல்லம் பக்கத்து ஊருக்குப் போகிறவள் மாதிரி பெட்டியைக் கட்டிவிட்டாள். பக்கத்து டவுன் தானா ராத்தாவைத் தாண்டினாலே திசை தெரியாதவளைத் தனியாக அனுப்ப முடியுமா? நாகப்பன் யோசித்தார்.

"தொணைக்கு வர்றேன். ஆனா அவ வீட்டுல தங்க மாட்டேன். ஹோட்டல்ல ரூம் போடச் சொல்லு. சாப்பாடும் அங்கதான். காசு குடுத்துத் திங்கிறதுல ஒறவு ஒண்ணும் இல்ல" என்றார்.

ரமணி வாழ்ந்த கோஸ்லார் மலையடிவாரத்துப் பழைய ஊர். கல் பாவிய தெரு, மரச்சட்டங்கள் வெளியே தெரிகிற கோணல்மாணலான வீடுகள், கடைவீதி நடுவில் மணியடித்தால் பொம்மைகள் வரிசையாக வெளியே வந்து சுற்றிப்போகிற கட்டடம். "தானா ராத்தாவுல தொரைமாருங்க இதைப் பாத்துத்தான் பங்களா கட்டியிருக்கானுங்க" என்றார் நாகப்பன். ஊருக்கு அவர் கொடுத்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். ஹோட்டல் என்றால் பெரிய ஹோட்டல் இல்லை. கீழே எட்டு மேஜை போட்ட சாப்பாட்டு அறை. மேலே ஏறினால் கூரைக்கடியில் தலை இடிக்கிற ஒரு ரூம். ரெண்டு கட்டில், மூச்சு முட்டுகிற அளவுக்குப் பஞ்சு மெத்தைப் போர்வை, மூலையில் முகம் கழுவ ஒரு தொட்டி. கக்கூஸ் நடையின் கடைசியில். ஹெல்கா என்கிற பருத்த அம்மாள் ஒருத்திதான் ஹோட்டலை நடத்தினாள்.

கொண்டுவந்து விட்ட வெர்னர், தோட்டத்தில் கற்றுக்கொண்ட உடைசல் மலாயில் சொன்னான், சமையலறையில் சிலோன் தமிழ்ப் பையன் ஒருத்தன் வேலை பார்க்கிறான், மாமாவுக்கு நம் சாப்பாடே செய்து தருவான் என்று. அது சிலோன் பிள்ளைகள் கலவரத்துக்குத் தப்பி ஜெர்மனிக்கு வந்துகொண்டிருந்த காலம். நாகப்பன் தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலையில் மாத்திரை போட வெந்நீர் வேண்டும் என்று செல்லம் கீழே இறங்கினாள். யாரையும் காணோம். கடுகு வெடிக்கிற சத்தம் வந்த பக்கம் போய்க் கதவைத் தள்ளினாள். அடுப்புக்கு முன்னால், நிறைந்த வயிற்றின் மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, ரமணி நின்றிருந்தாள்.

"ஐயையோ, நீயா?"

"கத்தாதம்மா!" ரமணி ஓடிவந்து கதவைச் சாத்தினாள். "இது அவங்கம்மா ஹோட்டல். ஹெல்காதான் என் மாமியார். சிலோன் பையன் யாரும் இல்ல."

செல்லம் அடுப்பையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடிப் பாவி, அப்ப நேத்து ராத்திரி அவரு தின்னது..."

"நான் ஆக்குனதுதான். நம்ம வீட்டுச் சோறுதான். வேற எப்படிம்மா அப்பாவுக்கு ஒரு வாய் சோறு போடுறது? ஊருக்குப் போயி சேந்தப்புறம் சொல்லு. இப்பச் சொல்லிடாத."

செல்லம் வெந்நீரை மறந்துவிட்டு மேலே ஏறினாள். அன்றைக்குப் பிடித்தது அவளுக்குச் சனி.

ஒரு மனிதன் ஊரறியச் சொன்ன சொல்லை அவனுக்கே தெரியாமல் உடைப்பது பாவமில்லையா? சம்பந்தி வீட்டிலேயே படுத்து, சம்பந்தி கையால் தட்டு வாங்கி, மகள் சமைத்ததைத் தின்றுகொண்டிருக்கிறார் கங்காணி. தெரிந்தால் என்ன நடக்கும் என்று செல்லம் நினைத்துப் பார்த்தாள். கத்தினால்கூடப் பரவாயில்லை. கத்த மாட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார். அப்புறம் இந்த ஜென்மத்தில் மகள் முகத்தில் விழிக்க மாட்டார், பேரப்பிள்ளையும் அவருக்கு இல்லை. அண்ணன் செத்துக் கிடந்தபோதுகூட அந்த வீட்டுக் காப்பித் தண்ணியைத் தொடாத மனிதர் இல்லையா?

அவளுக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. ஜன்னலைத் திறப்பாள், குளிருக்கு மூடுவாள். படி இறங்குவாள், பாதியில் திரும்புவாள். ஒவ்வொரு படியும் கிறீச் கிறீச் என்று காட்டிக்கொடுத்தது. வளையல் பொட்டலத்தை எடுத்து எடுத்துப் பார்த்து எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"ஏன்லா இப்படி அலையிற? கொழுந்து பறிக்க மலை இல்லன்னு கால் அரிக்குதா?" என்றார் நாகப்பன்.

சாப்பாட்டு நேரம் வந்தால் இன்னும் மோசம். ஹெல்கா தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். பக்கத்து மேஜை வெள்ளைக்காரர்கள் முள்கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்க, நாகப்பன் கூச்சமே இல்லாமல் சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் போடுவார். செல்லத்துக்குத் தன் சோறு இறங்காது. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். போதாக்குறைக்குச் சிலோன் பையனைப் பற்றிய கேள்விகள் வேறு.

"ரசம் பரவால்ல. அந்தப் பையன் எந்த ஊரு?"

"யாருக்குத் தெரியும்? யாப்பாணமா இருக்கும்."

"கல்யாணம் ஆச்சாமா?"

"அதெல்லாம் நமக்கு எதுக்கு? பேசாம சாப்பிடுங்க."

"ஒரு நாளைக்கு வரச் சொல்லு லா, மொகத்தப் பாக்கலாம்."

"அவன் ரொம்பக் கூச்சப்படுற பையனாம்" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டுச் செல்லம் தண்ணீர் குடித்தாள்.

அதிலும் ஒன்று அவளை அரித்தது. ஒவ்வொரு வேளையும் அவர் தட்டில் கடைசிக் கவளத்தை வைத்துவிட்டு எழுந்தார். வீட்டில் ஏழு வருடமாகத் தட்டை வழித்துத் துடைத்துத் தின்கிற மனிதர். கழுவவே வேண்டாம் என்று அவளே கேலி செய்திருக்கிறாள். இங்கே ஒரு கவளம் மிச்சம். ருசி பிடிபட்டுவிட்டதோ? சந்தேகம் வந்துவிட்டதோ? கேட்கப் பயந்து அவள் ஹெல்காவைப் பார்த்துச் சும்மா சிரித்துவைப்பாள். ஹெல்கா ஒன்றும் புரியாமல் திருப்பிச் சிரிப்பாள்.

சாயங்காலம் ரமணி கோட்டு மாட்டிக்கொண்டு, விருந்தாளி மாதிரி முன்வாசல் வழியாக வருவாள். அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பாள். நாகப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்ப்பார். மணி அடித்தால் பொம்மை பார்க்கப் போய்விடுவார். ரமணியின் தலைமுடியிலிருந்து தாளிப்பு வாசம் வீசும். செல்லம் அந்தக் குளிரிலும் எழுந்துபோய் ஜன்னலை அகலமாகத் திறந்து வைப்பாள்.

வளையல் போட்டதும் அப்படித்தான். பக்கத்துத் தெருவில் இருந்த மகள் வீட்டுக்குச் செல்லம் மட்டும் போனாள். ஒவ்வொரு வளையலாகப் போட்டுவிட்டு நலங்கு வைத்தாள். ரமணி அழவில்லை. "அப்பா வந்து ஒரு டம்ளர் தண்ணியாச்சும் குடிச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். செல்லம் திரும்பி வந்தபோது நாகப்பன் ஹோட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "முடிஞ்சிருச்சா?" என்றார். "முடிஞ்சிருச்சு." அவ்வளவுதான் பேச்சு.

ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளும் வந்தது. மத்தியானம் ரயில். அதற்கு முன்னால் கடைசிச் சாப்பாடு. இனிமேலும் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் விமானத்தில் இந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து வர முடியாது என்று செல்லம் முடிவு கட்டினாள். போகிறது போகட்டும். சொல்லாமல் ஏமாற்றியவள் என்று பேர் வாங்குவதைவிடச் சொல்லி அடி வாங்கலாம். பெட்டிகளைக் கீழே கொண்டுவந்து வைத்தார்கள். ஹெல்கா தட்டை வைத்துவிட்டுப் போனாள். நாகப்பன் சாப்பிட்டுக் கடைசிக் கவளத்துக்கு வந்திருந்தார்.

"ஏங்க, ஒரு விசயம் சொல்லணும்" என்றாள். "கோவப்படக் கூடாது. அந்தச் சிலோன் பையன்..."

"நானும் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் நாகப்பன். தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தச் சிலோன் பையனுக்கு அடுப்புக்கிட்ட ஒரு ஸ்டூல் போட்டுக் குடுக்கச் சொல்லு. ஏழு மாசத்து வயித்த வச்சுக்கிட்டு இவ்ளோ நேரம் நிக்கக் கூடாது."

செல்லம் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள். "எப்பத் தெரியும்?"

"மொத நாளே. கடுக கருக விட்டிருந்தா. எத்தனை தடவ நீ திட்டியிருப்ப, அடங்குனாளா?"

"தெரிஞ்சுமா தின்னீங்க? ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

நாகப்பன் விரலால் கவளத்தைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். "சொன்னா எந்திரிச்சுப் போவணும்லா" என்றார்.

செல்லத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. வந்த மறுநாளிலிருந்து நான் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனிதர் ரசம் பரவாயில்லை என்று என்னையே வேடிக்கை பார்த்திருக்கிறாரே! தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எழுந்தாள். இந்தத் திருட்டுக் கூத்து முடிந்தது என்று மகளிடம் சொல்ல வேண்டும். சமையலறைக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ரமணி திரும்பினாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கை தானாக நீண்டு தட்டை வாங்கியது. ஓரத்தில் இருந்த கவளத்தை எடுத்து, நின்ற நிலையிலேயே வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். அவளுடைய கையில் புது வளையல்கள் சிணுங்கின.

செல்லத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடித்து வீட்டுக்கு வருகிற கங்காணி, லயத்து வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடுவார். பள்ளிக்கூடப் பையோடு ரமணி பக்கத்தில் நிற்பாள். கடைசிக் கவளம் அவளுக்கு. காய்ச்சல் என்றாலும், திட்டு வாங்கிய நாளானாலும், டைப் அடிக்கிற வேலைக்குப் போன பிறகும் அந்த ஒரு கவளம் தட்டோரம் இருக்கும். அவள் ஜெர்மனிக்குப் போன பிறகுதான் மனிதர் தட்டை வழித்துத் தின்ன ஆரம்பித்தார். கூடவே இருந்து பார்த்தவளுக்கு அது எப்படி மறந்துபோயிற்று?

"ஒனக்கும் தெரியுமாடி?"

"மொத நாள் ராத்திரியே தெரியும்மா" என்றாள் ரமணி, வாயில் சோற்றோடு. "தட்டு வந்துச்சுல்ல. மாமியார் கொட்டப் போனாங்க, பிடுங்கித் தின்னுட்டேன். எனக்குப் பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல? தூக்கமில்லாம நான் எத்தனை படி ஏறி எறங்கியிருக்கேன் தெரியுமா?"

"சொன்னா நீ அவருகிட்டக் கேப்ப. கேட்டா அவரு நிறுத்திருவாரு."

அப்பனுக்குத் தப்பாத மகள். செல்லத்துக்கு ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது, அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ரெண்டில் ஒன்றைச் செய்வதற்குள் சாப்பாட்டு அறையிலிருந்து அந்தக் குரல் வந்தது. கொழுந்துக் காட்டில் அந்த மலையிலிருந்து இந்த மலைக்குக் கேட்கிற கங்காணிக் குரல்.

"ஏய் சிலோன்காரா! இன்னும் சோறு இருக்கா? இருந்தா நீயே கொண்டாந்து போடு!"

ஹெல்கா பயந்துபோய்ப் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். ரமணி அசையாமல் நின்றாள். செல்லம்தான் சட்டியை அவள் கையில் திணித்துத் தள்ளிவிட்டாள்.

ரமணி ஏப்ரனோடு வெளியே வந்தாள். மற்ற மேஜைக்காரர்களும் பார்த்தார்கள். நாகப்பன் தலையை நிமிர்த்தவில்லை. எச்சில் கை மடியில் இருந்தது. மேஜைக்கடியில் காலை நீட்டிப் பக்கத்து நாற்காலியை மெல்ல வெளியே தள்ளினார்.

"மொதல்ல ஒக்காரு" என்றார்.