சண்டைக்காரரின் மேற்கோள்

நூலகராகச் சேர்ந்தபோது புத்தகம் அடுக்குகிற வேலை என்றுதான் நினைத்தேன். இப்போது எங்கள் பல்கலைக்கழகத்தில் யார் எழுதியதை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதை வைத்துத்தான் பதவி உயர்வாம். என் தலையெழுத்து!

இந்த வருடம் கடலியல் துறை ரெஜிமோள் டீச்சரின் முறை. மழைக்காலத்தில் கரையோரம் சேறு திரண்டு, கடல் அடங்கி, மீன் குவியுமே, அந்தச் சாகரையைப் பற்றியே எழுதுகிறவர். சேறு காயலிலிருந்து, அதாவது உப்பங்கழியிலிருந்து, வருகிறது என்பது அவர் கட்சி. கடலடியிலிருந்து என்பது அதே துறை சுகதன் சாரின் கட்சி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கேன்டீனில் ஒருவர் நுழைந்தால் மற்றவர் பாதி வடையோடு எழுந்து போய்விடுவார். சார் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகாவது கேன்டீனில் நிம்மதியாகச் சாயா குடிக்கலாம் என்றிருந்தேன்.

டீச்சரின் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்களைத் தேடினேன். அத்தனையும் சுகதன் சார்! ஒரே துறைக்காரர் காட்டுகிற மேற்கோள் கணக்கில் சேராது. வேண்டியவர்கள் ஒருவரையொருவர் தூக்கிவிடக் கூடாதென்று அப்படி ஒரு விதி. கழித்தேன். மிச்சம் பூஜ்யம்.

டீச்சரிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது.

"வேற ஒருத்தர்கூட படிக்கலையா, ஷைலஜா?"

அவர் எதிரிலேயே இன்னொரு தடவை தேடிப் பார்த்தேன். அதே பூஜ்யம்.

மறுநாள் சுகதன் சார் வந்து என் மேசையைத் தட்டினார்.

"என் மேற்கோளையெல்லாம் தூக்கிட்டியாமே?"

"விதி சார். ஒரே துறை. வேண்டியவங்களுக்குச் செஞ்ச உதவியாயிடும்."

"உதவியா? நானா? அந்தம்மாவுக்கா? ஒரு வரி பாராட்டியிருந்தா என் காதை அறுத்துக்கறேன்!"

"அப்ப உங்களுக்கென்ன சார் நஷ்டம்?"

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"அவங்க சொன்னது தப்புன்னு காட்டத்தான் இத்தனை வருஷம் கடல்ல கிடந்தேன். நான் என்ன, பூஜ்யத்தோடயா சண்டை போட்டேன்?"

தேர்வுக்குழுவிடம் அவரே போனார். டீச்சரும் நானும் வெளியே பெஞ்சில் இருந்தோம். கதவு திறந்தே கிடந்ததால் சாரின் குரல் கேட்டது.

"முழுக்கத் தப்பு. ஆனா லேசுல மறுக்க முடியாத தப்பு. எங்க ரெண்டு பேரையும் வேண்டியவங்கன்னு சொன்னா துறையே சிரிக்கும்."

உள்ளே சிரித்தார்கள். மேற்கோள்களைச் சேர்த்துக்கொண்டார்கள். டீச்சர் பேராசிரியரானார்.

சார் வெளியே வந்ததும் டீச்சர் எழுந்து நின்றார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

"மே மாசம் போயிடுவீங்களே சார். அப்புறம் என்னை யாரு படிப்பா?"

"டீச்சர் தப்பா எழுதறதை நிறுத்தற வரைக்கும் நான்தான் படிப்பேன்."