அம்மாவின் மேல்வரிசை

"அம்மையாரின் புன்னகை ஒன்றே போதும், எப்பேர்ப்பட்ட முரடனும் மெழுகாய் உருகிவிடுவான்!" இரங்கல் கூட்ட மேடையில், மாலை போட்ட அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில், மைக்கை விழுங்கிவிடுவதுபோல் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் முழங்கினார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மகனுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அவன் பல் டாக்டர். அந்தப் புன்னகையைச் செய்ததே அவன்தான். மேல்வரிசையில் பாதி பீங்கான். ஒரு பல்லை எட்டாம் வகுப்பு முரடன் ஒருவன் நெற்றியால் முட்டி எடுத்தான். இன்னொன்று பறந்து வந்த நாற்காலியோடு போயிற்று. மெழுகாய் உருகியவன் எவனையும் அவன் கண்டதில்லை.

"குரலை உயர்த்திப் பேசியறியாதவர்!"

அம்மாவின் தாடை உடைந்தபோது, ஒரு பருவம் முழுக்க அவள் வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தவனே அவன்தான். குரல் எங்கிருந்து உயரும்?

"மலர்க்கரங்கள்!"

அந்த மலர்க்கரத்தில் பதிந்திருந்த கடித்தடங்களைப் பார்த்தே, கடித்த பிள்ளைக்குப் பால்பல் விழுந்துவிட்டதா என்று அவன் சொல்வான். அம்மா பள்ளியின் மனநல ஆலோசகர்; மாணவர்களின் மனசைப் பார்க்கத்தான் அவளுக்குச் சம்பளம். அந்த மனசு எப்போதும் முஷ்டியில்தான் வந்து நின்றது. புருவம் கிழிந்து தையலோடு வீட்டுக்கு வந்தாலும் வாசலிலேயே கேட்பாள், "சாப்பிட்டியாடா?" அவன் எரிந்து விழுவான். "உனக்கு நான் ஒருத்தன் போதாதாம்மா?" "நீதான் கடிக்க மாட்டேங்கிறியே, என்னடா பண்றது!"

கடைசியாக அடித்தவள் ஒன்பதாம் வகுப்புப் பெண். பள்ளிக்கூடமே அவளைக் 'குளவி' என்றுதான் கூப்பிடும். இரும்புத் தண்ணீர் பாட்டிலால் அம்மாவின் வாயிலேயே அடித்தாள். அந்தப் பல்லையும் மகன் கட்டிக்கொடுத்தான். சில வாரங்கள் கழித்துத் தூக்கத்திலேயே அம்மாவுக்கு இதயம் நின்றுபோனது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டவர் தலைமையாசிரியர்.

கூட்டத்துக்கு முன் தம் அறையில் வைத்துக் குழைந்தார். "மைக்ல ஒரே ஒரு வார்த்தை, டாக்டர். அந்தப் பொண்ணு அடிச்சதுலேர்ந்து அம்மா தேறவே இல்லைன்னு சொல்லுங்க. ஸ்கூல் கமிட்டி இன்னைக்கே அவளை வெளிய அனுப்பிடும்."

பொய் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெண்மேல் ஆத்திரம் தீரவில்லை. "சரி சார்" என்றிருந்தான்.

இப்போது அவன் முறை. "எங்கம்மா..." என்று ஆரம்பிப்பதற்குள் பின்கதவு படாரென்று திறந்தது. காவலுக்கு நின்ற பி.டி. மாஸ்டர், குளவியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

"நானும் பாக்கணும்! விடுய்யா!"

"வெளிய போடி, கொலைகாரி!"

அவள் அவர் கையைக் கடித்தாள். அவர் விட்ட அறையில் அவள் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. நாற்காலிகள் சரிந்தன. கமிட்டிப் பெரியவர்கள் தோள்துண்டுகளைக் காப்பாற்றிக்கொண்டு மேடைக்குப் பின்னால் பதுங்கினார்கள். அவள் மாஸ்டரின் முழங்காலில் உதைத்து விடுபட்டு மேடைக்கு ஓடிவந்தாள். மகன் குறுக்கே பாய்ந்தான், சமாதானம் செய்வதற்கல்ல. நாலு சாத்து சாத்தத்தான் பாய்ந்தான். அவன் கை ஓங்குமுன் அவள் தலை அவன் வாயில் மோதியது. உதடு கிழிந்தது. ஒரு பல் ஆடியது. கண் இருட்டி, மறுபடி தெரிந்தபோது அவன் விரல்கள் அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தன.

சின்ன வயதில், அப்பா வீட்டை விட்டுப் போன அன்று அவனும் இப்படித்தான் இருந்தான். கண்ணாடி, தட்டு, கடிகாரம் எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டு அம்மாவின் வயிற்றில் குத்தினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி, உடைந்த கண்ணாடிமேலேயே உட்கார்ந்தாள். "நிக்கிற வரைக்கும் சண்டைதான்டா. உக்காரு."

விரல்கள் தளர்ந்தன. தொப்பென்று தரையில் உட்கார்ந்தான். குளவி அவன் தோளில் ஓர் உதை விட்டாள். இன்னொன்று. மூன்றாவதற்குக் கால் வரவில்லை. எட்டத்தில் அவளும் உட்கார்ந்து இருமினாள்.

"டாக்டர், பிடிச்சு வைங்க!" பி.டி. மாஸ்டர் கையில் பிரம்போடு நொண்டிக்கொண்டு வந்தார்.

"கிட்ட வந்தீங்க, இன்னைக்கு உங்க பல்லையும் நான்தான் கட்டணும். அங்கயே நில்லுங்க."

குளவி மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "என்னாலதான் செத்தாங்களா?"

தலைமையாசிரியர் மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டினார். எதிர்பார்த்த வார்த்தை அதற்குள் விழட்டும் என்று.

அவள் கழுத்தில் தன் விரல்கள் பதிந்திருந்த சிவப்பையே பார்த்தான் மகன். "இல்ல. உன்னால ஒரு பல்லு போச்சு, அவ்வளவுதான். இதயம் அதுபாட்டுக்கு நின்னுடுச்சு. அதுக்கும் உனக்கும் சம்பந்தமில்ல."

"சும்மா சொல்றீங்க."

"உன்மேல இருக்கிற கோவத்துக்கு நான் எதுக்கு உனக்காகப் பொய் சொல்லணும்? என் வாயைப் பாரு, நீ என்ன பண்ணி வச்சிருக்கேன்னு."

தலைமையாசிரியர் மைக்கைக் கையால் பொத்தினார். "டாக்டர், கமிட்டி காத்திட்டிருக்கு. குடும்பத்தோட கருத்து..."

"நாளைக்கு இவ வகுப்புக்கு வருவா. அதான் கருத்து. தடுத்தா, யார் கழுத்தை யார் நெரிச்சாங்கன்னு நானே ஸ்டேஷன்ல போய்ச் சொல்றேன். முதல் அறை யாரு குடுத்ததுன்னும் சேர்த்து."

"நான் ஒண்ணும் வரேன்னு சொல்லல" என்றாள் குளவி.

"வராட்டிப் போ. கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான்."

அவள் எழுந்து, யாரையும் பாராமல் மேடையேறி, அம்மாவின் படத்துக்கு நேர் எதிரே போய் நின்றாள்.